படுத்துப் பார்த்தவர்

எங்கள் மாமாவுக்குப் படுத்துத் தூங்குவதுதான் தொழில். இதை நான் கேலிக்காகச் சொல்லவில்லை. கேலிக்காகவும் சொல்லியிருக்கிறேன், அது வேறு. இன்று நாலைந்து நாடுகளில் கண்ணாடிக் கட்டடங்களாக நிற்கிற ஓர் ஓட்டல் கம்பெனி, திருவண்ணாமலை தேரடித் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில், ஒரு மனிதர் கட்டிலில் புரண்டு புரண்டு படுத்ததிலிருந்து வளர்ந்தது என்றால் யாரும் நம்பமாட்டார்கள். கம்பெனியின் பெயரைச் சொன்னால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதனால்தான் சொல்லவில்லை. மாமாவின் பெயரையும் சொல்லப்போவதில்லை. என் அக்கா, அவருடைய மனைவி, அந்தப் பெயரை ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. எனக்கு மட்டும் என்ன வந்தது.

ஆள் ஒல்லி. தலையை ஒரு பக்கம் சாய்த்து, ஏதோ சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வருகிற மாதிரி நடப்பார். மற்ற முதலாளிகள் சட்டைப் பையில் பேனா வைத்திருப்பார்கள். இவர் பையில் ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவர் இருக்கும். கல்யாணத்துக்குப் போனாலும் இருக்கும். பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது மேலே சுற்றுகிற ஃபேன் லேசாக ஆடினால் அவருக்குச் சோறு இறங்காது. எங்கள் சித்தப்பா மகள் கல்யாணத்தில் முகூர்த்த நேரத்தில் ஆளைக் காணோம் என்று தேடினால், மண்டபத்து மூலையில் ஸ்டூல் போட்டு ஏறி ஃபேனை முடுக்கிக்கொண்டிருந்தார். அட்சதையை அங்கிருந்தே தூவினார். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். அந்தக் காலத்தில் அவள் சிரித்துக்கொண்டேதான் தலையில் அடித்துக்கொள்வாள்.

கம்பெனி பெரிதான பிறகு வழவழப்பான தாளில் ஒரு விளம்பரப் புத்தகம் போட்டார்கள். அதில் மாமா பைஜாமாவும் கையில் தலையணையுமாக நிற்கிற படம். நான் அவரை அதற்கு முன்னும் பின்னும் பைஜாமாவில் பார்த்ததில்லை. அவர் நாலு முழ வேட்டிக்காரர். எங்கள் நிறுவனர் படுத்துப் பார்க்காத எந்த அறையையும் விருந்தினருக்குக் கொடுப்பதில்லை என்று கீழே இங்கிலீஷில் போட்டிருந்தது. அக்காவுக்குப் படித்துச் சொன்னேன். அவள் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். தலையணை உறையைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள் என்றாள். வாங்கிப் பார்த்தேன். தையல் வெளியே தெரிந்தது.

விளம்பரத்தில் போட்டிருந்தது பொய் இல்லை. அதுதான் வருத்தம். பொய்யாக இருந்திருந்தால் எங்கள் குடும்பத்துக்கு நன்றாக இருந்திருக்கும்.

அது முதலில் லாட்ஜே இல்லை. மாமாவின் அப்பா வைத்திருந்த மல்லாட்டை மண்டி, நிலக்கடலை வியாபாரம். எழுபதுகளின் தொடக்கத்தில் மண்டி நொடித்துப்போனது. கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து மல்லாட்டை கொண்டுவந்து போடுகிற நயினார் ஒருவர், தலைமுறை தலைமுறையாக நிலம் வைத்திருந்த சமணக் குடும்பம், மாமாவுக்கு நல்ல சிநேகிதர். கார்த்திகை தீபத்துக்கு வருகிற ஜனம் தெருவில் துண்டை விரித்துப் படுக்கிறதே, மண்டியைத் தடுத்து ரூம் போட்டால் என்ன என்று அவர்தான் கிளப்பிவிட்டார். கிளப்பிவிட்டதோடு நிற்காமல் பாதி முதலும் போட்டார். பி.யு.சி.யில் தோற்று வீட்டில் வெட்டியாக இருந்த என்னைக் கவுண்ட்டரில் உட்கார வைத்தார்கள். ரூம் கதவுகளுக்குப் பித்தளையில் வார்த்த எண்கள். அது அக்காவின் ஆசை. தீபத்துக்கு முன்னால் அவளே புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைப்பாள்.

முதல் தீபத்துக்கு விழுப்புரம் பக்கத்திலிருந்து வயதான ஒரு தம்பதி வந்து ஒன்பதாம் நம்பரில் தங்கினார்கள். காலையில் சாவியைக் கொடுக்கும்போது, ரொம்ப நன்றாக இருந்தது என்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள். மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து டீ குடிக்கப் போனவர் முகம் செத்துத் திரும்பி வந்தார். டீக்கடை பெஞ்சில் அந்தப் பெரியவர், முதுகு வெந்துபோச்சு, அது ரூம் இல்லை அடுப்பு என்று பக்கத்து ஆளிடம் சொல்லிக்கொண்டிருந்தாராம். மாமா நேராக ஒன்பதுக்குப் போய்ச் சுவரில் கையை வைத்தார். நானும் வைத்தேன். சுட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் மிட்டாய்க் கடை. திருவிழாவுக்காக விடிய விடிய பூந்தி போட்டிருக்கிறார்கள். மண்டியைத் தடுத்து ரூம் போட்ட எங்களுக்கு அது தெரியவில்லை.

"மச்சான்," என்றார் மாமா. "குறை சொல்லிட்டுப் போறவன் திரும்பி வருவான். நல்லா இருக்குதுன்னு சொல்லிட்டுப் போறாம்பாரு, அவன நம்பவே கூடாது."

அன்றைக்கே ஸ்க்ரூ டிரைவரைக் கொண்டுவரச் சொல்லி, ஒன்பது என்ற பித்தளை எண்ணைத் தன் கையாலேயே கழற்றினார். நம்பர் கதவில் இருந்தால் கூட்ட நேரத்தில் என்னைப் போல ஒருத்தன் கை தவறியாவது ஆளை உள்ளே விட்டுவிடுவானாம். பிறகு என்னிடம் மெத்தையை வெளியே எடுக்கச் சொன்னார். இந்த வரிசை கடைசி வரை மாறவில்லை. ரூம் தேறவில்லை என்றால் முதலில் நம்பர் கழலும், அடுத்து மெத்தை வெளியே வரும். நம்பரைக் கழற்றிய ஸ்க்ரூ டிரைவர் அன்று அவர் பையில் ஏறியது. அதன் பிறகு இறங்கவில்லை.

தீபக் கூட்டம் வடிந்ததும், மிச்சமிருந்த ஒவ்வொரு ரூமிலும் ஒரு ராத்திரி தான் படுத்துப் பார்க்கப் போவதாக அறிவித்தார். அதில் அக்காவும் சேர்ந்துகொண்டாள். கேரியரில் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு, தலை வாரிப் பூ வைத்து, புருஷனோடு சொந்த லாட்ஜில் தங்கப் போவாள். காலையில் இருவரும் இறங்கி வந்து எனக்குச் சேதி சொல்வார்கள். கட்டில் புரண்டால் கிறீச்சிடுகிறது என்பது மாமா. கண்ணாடியைப் பனைமரத்து உயரத்தில் மாட்டியிருக்கிறாயே, பெண்பிள்ளைகள் எப்படிப் பொட்டு வைத்துக்கொள்வது என்பது அக்கா. ஈரப் புடவை உலர்த்த எல்லா ரூமிலும் கொடி கட்டச் சொன்னதும் அவள்தான். கோபுரத்துப் பக்கத்து ரூம்களில் விடியற்காலை மேளச் சத்தம் தூக்கிவாரிப் போடுகிறது என்று நான் சொன்னதை மாமா ஏற்கவில்லை. அந்தச் சத்தத்துக்காகத்தானே அவன் அவ்வளவு தூரத்திலிருந்து வருகிறான், அந்த ரூமைச் சாமி கும்பிட வருகிறவனுக்குக் கொடு, மருந்துக் கம்பெனி ஆளைப் பின்னால் போடு என்றார்.

பின்னாளில் யாராவது அக்காவிடம், இத்தனை ஓட்டல் இருக்கிறதே, நீங்கள் எதில் தங்கியிருக்கிறீர்கள் என்று கேட்டால் அவள் சொல்வதற்கு அந்த ஒரு பதில்தான் இருந்தது. "சந்துல இருக்குதே பழைய லாட்ஜு, அதுல எல்லா ரூம்லயும் நாங்க குடித்தனம் பண்ணியிருக்கோம்" என்பாள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி ஊர் பேசியது. அவர்கள் பேசி நான் கேட்டதில்லை.

அடுத்த லாட்ஜ் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில். ஆம்பிளைகள் கும்பல் கும்பலாக வந்துபோகிற இடம். அக்கா அங்கே தங்க முடியாது. மாமா மட்டும் படுத்தார். விடிவதற்கு முன்பே செங்கம், சிங்காரப்பேட்டை, ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி என்று பெங்களூர் பஸ் கண்டக்டர் போடுகிற சத்தத்தில் எழுந்து, அதையே விளம்பரமாக்கினார். எங்கள் லாட்ஜில் தங்கினால் பஸ்ஸைத் தவற விடமாட்டீர்கள் என்று போர்டில் எழுதினோம். வியாபாரிகள் மொய்த்தார்கள். பிறகு வேலூர். ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களோடு துணைக்கு வருகிறவர்கள் தங்குகிற இடம். அங்கே படுத்துவிட்டு வந்தவர், ஜனம் தூங்கவே இல்லை மச்சான், கஞ்சி வைக்க இடமில்லாமல் நடைபாதையில் உட்கார்ந்திருக்கிறது என்றார். மாடிக்கு ஒரு சமையற்கட்டு போட்டோம். அந்த லாட்ஜ் ஒருநாளும் காலியாக இருந்ததில்லை.

எப்போதும் அவர் சொன்னதே சரி என்று நினைத்துவிடாதீர்கள். மெட்ராஸில் லிஃப்ட் வைத்த முதல் ஓட்டலில், லிஃப்ட் சத்தத்தில் யாருக்கும் தூக்கம் வராது என்று பக்கத்து ரூம்களின் நம்பரை எல்லாம் கழற்றிவிட்டார். வந்த வயசாளிகள் லிஃப்ட்டுக்குப் பக்கத்தில்தான் ரூம் வேண்டும் என்று அடம் பிடித்தார்கள். திரும்ப மாட்டினார். முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டுதான் மாட்டினார்.

வெளிநாட்டுக்குப் போன கதை ஒரு தீபத்தில் ஆரம்பித்தது. பினாங்கிலிருந்து வந்த ஒரு பணக்காரர், வேறெங்கும் இடம் கிடைக்காமல் எங்கள் சந்து லாட்ஜில் பின்பக்கத்து ரூமில் தங்கினார். காலையில் மாமா, எப்படி இருந்தது என்று கேட்டார். நன்றாக இருந்தது என்றார் அவர். மாமா விடவில்லை. இடப்பக்கம் திரும்பிப் படுத்தால் கட்டில் ஆடியிருக்குமே, விடியற்காலையில் சாம்பிராணிப் புகை ஜன்னல் வழியாக வந்திருக்குமே, நீங்கள் இருமியிருப்பீர்களே என்று வரிசையாகச் சொன்னார். அந்த மனிதர் மிரண்டுபோனார். ஊருக்குப் போனவர் அடுத்த வருஷம் தீபத்துக்கு வராமல், பினாங்கில் ஓட்டல் கட்டுகிறேன், கூட்டுச் சேருங்கள் என்று ஆள் அனுப்பினார். நயினாருக்குக் கண்ணெல்லாம் வெளிச்சம். அவருக்கு வியாபாரம் வளர வேண்டும். தப்பில்லை. அவர் போட்ட முதல்.

ஆனால் நயினார் ஒன்று கேட்டார். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுகிற மனிதர், அன்றும் சீக்கிரமே சாப்பிட்டுவிட்டுக் கவுண்ட்டருக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். "ரூமுக்கு ஒரு ராத்திரின்னா, அவ்ளோ பெரிய கட்டடத்த நீங்க எப்ப படுத்து முடிக்கறது, நாம எப்ப தொறக்கறது?" என்றார். மாமா யோசித்துவிட்டு, ஒரு மாடியில் படுத்து முடித்ததும் அந்த மாடியைத் திறந்துவிடலாம் என்றார். நயினார் சரி என்றார். உள்ளே பித்தளைக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்த அக்காவை யாரும் கேட்கவில்லை.

போனவர் போனவர்தான். பினாங்கு முடிந்து சிங்கப்பூர். வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் லாட்ஜுக்கு ஃபோன் வரும். அக்கா கோயிலுக்குப் போய்விட்டு நேராக வந்து கவுண்ட்டர் பக்கத்தில் காத்திருப்பாள். ஃபோனில் அவர் பேசுவதெல்லாம் ரூம் பேச்சு. இந்த ரூமில் ஏசி முனகுகிறது, அந்த ரூமில் தரை விரிப்பில் பசை வாடை ஜாஸ்தி. அவள் உம் கொட்டுவாள். தெருவில் யாராவது, வீட்டுக்காரர் எங்கே இருக்கிறார் என்று கேட்டால் அவளுக்கு ஊர்ப் பெயர் வராது. "ஆறாவது மாடியில கீறாருங்க" என்பாள். கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். நானும் சிரித்தவன்தான்.

எங்களுக்கெல்லாம் அது பெருமையாக இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். ஊரில் ஓட்டல் என்றால் இட்லி தின்கிற இடம். எங்கள் மாமா சிங்கப்பூரில் ஓட்டல் வைத்திருக்கிறார் என்றால், அங்கே மாவு புளிக்குமா என்று கேட்பார்கள். அவர்களுக்கு விளக்கிச் சொல்வதில் ஒரு சுகம் இருந்தது. அந்தச் சுகத்தில் பல வருஷம் போய்விட்டது.

ஊருக்கு வெளியே வேங்கிக்காலில் மனை வாங்கலாம் என்று சொன்னது அக்கா. அப்போது அங்கே ஏரியும் வயலும்தான். வேலூர் ரோடு ஓரமாக ஒன்றிரண்டு வீடுகள் முளைத்திருந்தன. இப்போதிருக்கிற சந்து வீட்டில் காற்று கம்மி, கடைசிக் காலத்தில் இரண்டு பேரும் காற்றோட்டமாக இருக்கலாம் என்றாள். மாமா மறுபேச்சுப் பேசாமல் பணம் அனுப்பினார். அதிலெல்லாம் அவரைக் குறை சொல்லக்கூடாது. கேட்டதைவிட ஜாஸ்தியாகவே அனுப்புவார். மேஸ்திரி கட்டினார். நான் சைக்கிளில் போய் மேற்பார்வை பார்த்தேன். மாடியில் பெரிதாக ஒரு ரூம். அதுதான் அவர்களுக்கு.

கிரகப்பிரவேசத்துக்கு மாமா வந்தார். மெட்ராஸில் விமானம் இறங்கி, காரில் விடியற்காலை வந்து சேர்ந்தார். ஹோமத்தில் உட்கார்ந்தார். பால் காய்ச்சினார்கள். பந்தி முடிவதற்குள் கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். துபாயில் புது ஓட்டல், முதல் மாடி தயார், அங்கே ஆட்கள் காத்திருக்கிறார்கள். புது வீட்டுக்குப் பால் காய்ச்சியவர்கள் அன்றைக்கு அந்த வீட்டில்தான் படுக்க வேண்டும். அது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். புரோகிதரே எடுத்துச் சொன்னார். மாமா தலையைச் சாய்த்துக்கொண்டு அக்காவைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஒரு வார்த்தை, இருந்துவிட்டுப் போங்கள் என்று சொன்னால் இருந்திருப்பார் என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன்.

"நீங்க போய்ட்டு வாங்க," என்றாள் அக்கா. "நான் படுத்துப் பாத்து வெக்கறேன்."

சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். மாமாவும் சிரித்துவிட்டுக் காரில் ஏறினார்.

அதற்குப் பிறகு அவர் திருவண்ணாமலைக்கே வரவில்லை என்றில்லை. வருஷத்துக்கு ஓரிரு முறை வருவார். வேங்கிக்கால் வீட்டுக்கு வந்து கீழே கூடத்தில் உட்கார்ந்து அக்கா கையால் சாப்பிடுவார். வீடு எப்படி இருக்கிறது என்று கேட்பார். நல்லா இருக்குதுங்க என்பாள். சாப்பிட்டதும், சந்து லாட்ஜில் சுண்ணாம்பு அடித்திருக்கிறார்களாமே, புது மெத்தை போட்டிருக்கிறார்களாமே என்று கிளம்பிவிடுவார். புது மெத்தை போட்டால் படுத்துப் பார்க்க வேண்டும். அவர் சட்டம் அவருக்கு. காலையில் அங்கிருந்தே மெட்ராஸுக்குப் போய்விடுவார். ஒருமுறை நானே துணிந்து, வீட்டில் தங்கினால் என்ன மாமா என்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. தெரிந்த இடத்தில் படுத்தால் காது எதையாவது தேடிக்கொண்டே இருக்கிறது, தூக்கம் வரமாட்டேன் என்கிறது என்றார். வியாதி மாதிரிதான் சொன்னார்.

அந்தத் தடவை அவர் போன பிறகு அக்கா என்னிடம் பழைய பித்தளை நம்பர் ஒன்று கேட்டாள். சந்து லாட்ஜில் அப்போது பிளாஸ்டிக் நம்பர் மாட்டிவிட்டிருந்தோம். பழையதெல்லாம் சாக்கில் கிடந்தது. எதற்கு என்றேன்.

"மாடி ரூமுக்கு மாட்டலாம்னுதான். நம்பர் போட்டுட்டா ஒருவேள வந்து படுப்பாரு பாரு" என்றாள்.

எந்த நம்பர் வேண்டும் என்று கேட்டதற்கு, ஒன்பதைக் கொடு, அதுதான் சும்மாவே கிடக்கிறது என்றாள். நானும் வேடிக்கை என்று நினைத்து, எடுத்துப் போய் அவள் காட்டிய இடத்தில் கதவில் முடுக்கிவிட்டு வந்தேன். அவள் அதற்கும் புளி போட்டுத் தேய்த்தாள். அவர் அடுத்த தடவை வந்தபோதும் கீழேயே சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்.

துபாயில் மாமாவின் தொழிலே ஆட்டம் கண்டுவிட்டது. கட்டடம் பெரிது, அவசரம் அதைவிடப் பெரிது. நயினார் அங்கே ஒரு தடவை போய்விட்டு வந்து, லாட்ஜில் உட்கார்ந்து என்னிடம் வருத்தப்பட்டார். மாமா ஒரு ராத்திரிக்கு ஒரு ரூம் என்பதை விட்டுவிட்டாராம். அலாரம் வைத்துக்கொண்டு பாதி ராத்திரி ஒரு ரூம், பாதி ராத்திரி ஒரு ரூம் என்று மாறுகிறாராம். பிறகு அதுவும் போய், ஒரு ரூமில் கொஞ்ச நேரம் படுப்பது, எழுந்து தலையணையை எடுத்துக்கொண்டு அடுத்த ரூமுக்குப் போவது. ஆள் கண்ணெல்லாம் குழி விழுந்துவிட்டது, போதும் விடுங்கள், அதற்கெல்லாம் சம்பளத்துக்கு ஆள் இருக்கிறார்கள் என்று தான் சொல்லிப் பார்த்ததாகச் சொன்னார். கம்பெனியை வளர்த்துவிட்ட மனிதரே அப்படிச் சொன்னார். மாமா கேட்கவில்லை. அப்போதுதான் அந்தப் பைஜாமா படமும் அச்சாகி வந்தது.

எண்பதுகளின் கடைசியில், திருவண்ணாமலை தனி மாவட்டம் ஆகப்போகிறது, ஆபீஸ் எல்லாம் வேங்கிக்கால் பக்கம் வரப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த ஒரு கோடையில், அக்கா விடியற்காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. வேலைக்காரம்மா ஓடி வந்து சொல்லி நான் போவதற்குள் முடிந்துவிட்டது. மாமாவுக்குச் சேதி போய், அவர் வந்து சேர மறுநாள் ஆனது. ஐஸ் வைத்துக் காத்திருந்தோம். வந்தவர் அழவில்லை. கூடத்தில் அவள் தலைமாட்டில் உட்கார்ந்து, ஃபேனையே நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர்மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. அவரோடு பேசக்கூடாது என்று நினைத்தேன். காரியம் முடிகிறவரை தேவைக்குமேல் பேசவும் இல்லை.

காரியத்துக்கு வந்த உறவுகள் எல்லாம் போன பிறகு, அவர் முதல் முறையாக அந்த மாடி ரூமில் படுத்தார். மறுநாள் காலை நான் காபி எடுத்துக்கொண்டு ஏறினேன். கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், லாட்ஜில் அத்தனை வருஷமாக எனக்குச் சேதி சொல்கிற அதே குரலில் சொல்ல ஆரம்பித்தார்.

ரோடு வளைகிற இடத்தில் லாரி திரும்பினால் வெளிச்சம் நேராகத் தலையணையில் விழுகிறதாம். ஒவ்வொரு லாரிக்கும் விழுகிறதாம். ஜன்னலில் மடித்துக் கட்டியிருந்த பழைய புடவையைக் காட்டினார். கொசுவுக்காக அக்கா கட்டியிருக்கிறாள் என்று நான் அத்தனை நாளும் நினைத்திருந்தேன். தண்ணீர்த் தொட்டி தலைக்கு மேலேயே இருப்பதால், குழாய் விட்டு விட்டு முட்டிச் சத்தம் போடுகிறது என்றார். பிறகு எழுந்து போய் மேற்குச் சுவரில் கையை வைத்தார். என்னையும் வைக்கச் சொன்னார். முந்தின நாள் பொழுது சாயும்வரை வெயில் குடித்த சுவர். அந்தக் காலை நேரத்திலும் சூடு முழுதாக ஆறவில்லை.

"ஒன்பதாம் நம்பரு மாதிரியே இருக்குது மச்சான்" என்றார். கதவில் இருப்பது அவருக்குத் தெரியாது. கதவு ராத்திரியிலிருந்தே வெளிப்பக்கச் சுவரோடு சாய்ந்து திறந்தே கிடந்தது.

அப்புறம் குனிந்து தரையைக் காட்டினார். சிவப்புச் சிமெண்டுத் தரையில் கட்டில் கால்கள் அழுந்திய தடம். சுவர் ஓரத்தில் ஒன்று, ஜன்னலுக்குக் கீழே ஒன்று, வாசற்படிக்கு நேராக ஒன்று, நடு ரூமில் ஒன்று. இழுத்துப்போட்ட கீறல்களும் இருந்தன. தனியாளாக அந்தக் கனத்த கட்டிலை அவள் ரூம் முழுக்க இழுத்துப் போட்டுப் பார்த்திருக்கிறாள். கீழே காற்றோட்டமான ரூம் ஒன்று சும்மா இருந்தது. அதில் படுத்திருக்கலாம். படுத்துப் பார்த்து வைக்கிறேன் என்று சொல்லிவிட்டாள், அதனால் படுத்திருக்கிறாள்.

மாமா அந்தத் தடத்தின் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் கேட்டேனே மச்சான்," என்றார். "வர்றப்பல்லாம் கேட்டேன். நல்லா இருக்குதுங்கன்னுதான் சொன்னா."

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். நான் காபியைக் கீழே வைத்தேன். ஆத்திரம் எல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. அவருக்குப் பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன்.

வெயில் ஏறிய பிறகு எழுந்தார். வெளியே வந்து கதவை இழுத்துச் சாத்தினார். அப்போதுதான் பார்த்தார். புளி போட்டுத் தேய்த்த பித்தளை, ஒன்பது. யார் மாட்டியது என்று என்னைத் திரும்பிப் பார்த்தார். அக்கா மாட்டச் சொன்னாள் என்றேன். எதற்கு என்று கேட்டார். அவள் சொன்னதை அப்படியே சொன்னேன். அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

பிறகு பையிலிருந்து அந்தச் சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். நான் கதவை ஆடாமல் பிடித்துக்கொண்டேன். ஒருமுறை தன் கையால் கழற்றிய நம்பரை மறுபடியும் கழற்றினார். கதவில் திருகுகளின் ஓட்டை மட்டும் நின்றது.

"இந்த ரூம்ல ஆள விட்டிருக்கவே கூடாது மச்சான்" என்றார்.

லாட்ஜாக இருந்தால் அடுத்து என்னிடம் மெத்தையை வெளியே எடுக்கச் சொல்லியிருப்பார். சொல்வார் என்று காத்திருந்தேன். பித்தளையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, கதவைத் திறந்து, மறுபடியும் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.